வாய்க்கால் செடியும் வீட்டுத் தொட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் தெருவில் காதில் விழுவது பாதிக்கு மேல் தமிழ். வேலந்தாவளம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் கோபாலபுரம், பொள்ளாச்சி என்று எல்லைக்கு இருபுறமும் பத்துப் பன்னிரண்டு பேர் செடித் தொட்டி வைத்திருக்கிறோம், அதாவது கண்ணாடித் தொட்டியில் தண்ணீருக்குள் செடி வளர்க்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு பையில் வெட்டிய செடி வரும். போகும்போது பை மாறிப் போகும். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதை இப்போது எழுதி வைக்கிறேன்.

செடித் தொட்டி என்றால் என்னங்க? மீன் தொட்டியில் நாலு செடி போட்டால் ஆகாதா?

ஆகும், ஆரம்பம் அதுதான். ஆனால் மீன் தொட்டியில் மீனுக்காக மற்றதெல்லாம் இருக்கும். செடித் தொட்டியில் செடி நன்றாக வளர்வதுதான் முதல் வேலை, மீன் அதற்குள் குடியிருக்க வருகிற விருந்தாளி. மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவைச் செடி நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் செடி அடர்ந்த தொட்டியில் தண்ணீர் கெட்டுப்போவது குறைவு.

இதை ஒரு கலையாகவே ஆக்கியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 1954-ல் பிறந்தவர், புகைப்படக்காரர், 2015-ல் காலமானார். மலை, காடு, ஆற்றங்கரை இதையெல்லாம் கண்ணாடிக்குள் கொண்டுவர முடியும் என்று அவர் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க இந்த மோகம் பரவியது. அவர் தன் ஊர் மலையையும் நீரையும் பார்த்துச் செய்தார். நாம் நம் வாய்க்காலைப் பார்த்துச் செய்யலாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

நம்ம ஊர்ச் செடி எதெல்லாம் தொட்டிக்கு ஆகும்?

இந்தக் கேள்விக்கு ஒரு பகல் முழுக்கப் பேசுவேன். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு தாண்டி மூலத்தரை வந்து நம் வாய்க்கால்களில் பிரிகிறது. தண்ணீர் விட்ட இருபதாம் நாள் வாய்க்கால் ஓரம் குனிந்து பாருங்கள். கடையில் பாக்கெட்டில் விற்கிற செடியின் சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கே நிற்பார்கள்.

வேலம்பாசி எல்லாருக்கும் தெரியும். ஹைட்ரில்லா என்பது அதுதான். வேர் இல்லாத துண்டைப் போட்டாலும் வளரும், புதுத் தொட்டிக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ரிப்பன் போல நீண்டு ஓடுகிற வாலிஸ்நேரியா மணல் வாய்க்காலில் கிடைக்கும். நீர்ப்பிரமியை நாட்டு மருந்துக்குப் பறிப்பார்கள்; தண்ணீருக்குள் முழுக வைத்தால் மெதுவாக, நேராக மேலே ஏறும். ஆரைக்கீரையை நாலு இலைக் கீரை என்று சமைக்கிறோம் அல்லவா, அதே செடி தண்ணீருக்கு அடியில் குட்டையாகப் படர்ந்து தரைவிரிப்பு மாதிரி ஆகும். முதல் தடவை பார்த்தபோது இது அந்தக் கீரைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது, ஏனென்றால் தண்ணீருக்குள் அதன் இலை சில சமயம் ஒற்றை இலையாகத்தான் விரியும்.

நெல் வயலில் களை என்று பிடுங்கி வரப்பில் வீசுவதில் ரோட்டாலா இனங்கள் இருக்கும். உலகத்துக் கடைகளில் எல்லாம் நல்ல விலைக்குப் போகும் சிவப்பு ரோட்டாலா மக்ராண்ட்ராவின் பூர்வீகம் இந்தியாதான். லிம்னோபிலாவும் அதே வயலில்தான் நிற்கும். இலையைக் கசக்கினால் ஒரு வாசம் வரும், அதை வைத்தே அடையாளம் சொல்லலாம். தண்ணீருக்கு மேலே இருக்கும் இலை சாதாரண இலை, கீழே இருப்பது சீப்பு மாதிரி நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரே தண்டில் இரண்டு வேறு செடி ஒட்டவைத்தது போல.

ஓடைக்கரை நிழலில் அகல இலையோடு நிற்பது லஜெனாண்ட்ராவாக இருக்கலாம், கிரிப்டோகோரைனாகவும் இருக்கலாம். இரண்டும் சேம்பின் சொந்தங்கள். பிரித்தறிய எளிய வழி உண்டு. புதிதாக வரும் இளம் இலையைப் பாருங்கள். இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் லஜெனாண்ட்ரா. ஒரு ஓரத்தை மற்றது சுற்றிக்கொண்டு பாய்ச்சுருள் போல இருந்தால் கிரிப்டோகோரைன். லஜெனாண்ட்ரா இந்தியாவின் தெற்கிலும் இலங்கையிலும்தான் அதிகம். இந்தச் செடிகளில் விஷம் உள்ளவையும் உண்டு, ஆகவே ஆடு மாடும் குழந்தையும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டிக்கிழங்கு தொட்டியில் வருமா? பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

வரும். எனக்கு மிகவும் பிடித்த செடி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அபோனோஜெட்டான் என்று கடையில் கிழங்காக விற்கிறார்களே, அந்தக் குடும்பத்தில் நம் ஊர்க்காரர் கொட்டி. என் அம்மிச்சி பஞ்ச காலத்தில் இதைச் சேற்றில் துழாவி எடுத்து வேகவைத்துத் தின்றதாகச் சொல்வார். மழைக்குக் குட்டை நிறைந்ததும் கிழங்கில் இருந்து நீள இலைகள் கிளம்பி நீர்ப்பரப்பில் மிதக்கும், பூங்கதிர் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும். குட்டை வற்றினால் இலை முழுக்க அழியும். கிழங்கு சேற்றுக்குள் தூங்கும். அடுத்த மழை வந்தால் எழுந்துகொள்ளும்.

தொட்டியில் வைக்கிறவர்கள் செய்கிற தவறு இந்தத் தூக்கத்தைப் புரிந்துகொள்ளாததுதான். ஆறேழு மாதம் அருமையாக வளர்ந்த செடி திடீரென்று இலை விடுவதை நிறுத்தும், இருப்பதும் மஞ்சளாகும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நானும் முதல் கிழங்கை அப்படித்தான் எறிந்தேன், இன்றுவரை அதில் எனக்கு வருத்தம் உண்டு. அழுத்திப் பாருங்கள். கிழங்கு கல் மாதிரி உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. வெளியே எடுத்து ஈர மணலில் புதைத்து, நிழலான இடத்தில் இரண்டு மாதம் விடுங்கள். திரும்ப நடும்போது முழுக்கப் புதைக்காமல் பாதிக் கிழங்கு வெளியே தெரிய வையுங்கள். முழுதும் புதைத்தால் அழுகும்.

ஆம்பலுக்கும் கிழங்கு உண்டு. ஆனால் அது பெரிதாகப் பரவும், வீட்டுத் தொட்டியைவிட முற்றத்துச் சிமெண்ட் தொட்டிக்கே சரியாக வரும்.

வாய்க்காலில் இருந்து எடுக்கலாமா? யாராவது கேட்பார்களா?

வயல் என்றால் வயல்காரரைக் கேளுங்கள். களையைத்தான் கேட்கிறோம் என்றால் யாரும் மறுப்பதில்லை, சிலர் கூட வந்து பறித்தும் தருவார்கள். காட்டுக்குள் எதையும் தொடக் கூடாது. ஆனைமலை, பரம்பிக்குளம் இரண்டும் புலிகள் காப்பகம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் இருந்து செடியை எடுப்பதும் குற்றம்தான், ஒரு தண்டாக இருந்தாலும். ஓடையில் ஒரே இடத்தில் மட்டும் நிற்கிற செடியையும் விட்டுவிடுங்கள். அடர்ந்து கிடக்கும் இடத்தில் ஒரு கைப்பிடிக்குள் நிறுத்துவது எங்களுக்குள் வைத்திருக்கிற கட்டுப்பாடு. ஒரு தண்டு பிழைத்தால் ஆறு மாதத்தில் எல்லாருக்கும் கொடுக்கலாம், இரண்டாம் தடவை ஓடைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

எடுத்து வந்ததை அப்படியே தொட்டியில் போடலாமா?

கூடாது. வயல் செடியில் பூச்சி மருந்து ஒட்டியிருக்கும். மீன் தாங்கினாலும் இறால் தாங்காது. தட்டான்பூச்சியின் குஞ்சுகள் கூட வரும், அவை தண்ணீருக்குள் மீன்குஞ்சை வேட்டையாடும். அட்டையும் நத்தை முட்டையும் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கெட்டில் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். நத்தை வேண்டாம் என்றால் முதலில் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். செடி வருமா?

கிழக்கு பாலக்காட்டிலும் பொள்ளாச்சிப் பக்கமும் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, அப்படியானால் உங்களுடையதும் அதுதான். அதில் வேலம்பாசி, வாலிஸ்நேரியா இரண்டும் சந்தோஷமாகவே வளரும். சிவப்பு ரோட்டாலாவும் நுணுக்கமான மற்றச் செடிகளும் மென்மையான தண்ணீர் கேட்கும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அந்த அணை நம் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு மழைநீர். முதல் மழையில் கூரை கழுவட்டும், இரண்டாம் மழையில் இருந்து டிரம்மில் பிடியுங்கள். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

அடியில் என்ன மண் போடுவது?

நம் ஊர் கரிசல் மண்ணைப் போடாதீர்கள். கேரளத்தில் கரிசல் இருப்பது இந்தச் சித்தூர் தாலுகாப் பக்கம்தான், அந்தப் பெருமை நமக்கு உண்டு. பருத்திக்கும் கடலைக்கும் நல்ல மண், ஆனால் தொட்டிக்கு ஆகாது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற களி அது. வேருக்குக் காற்று போகாது, சுண்ணாம்பும் கலந்திருக்கும். என் இரண்டாவது தொட்டியில் அதைத்தான் போட்டேன். மூன்றாம் வாரம் அடியில் இருந்து முட்டை அழுகிய வாடை வந்தது, வேர் எல்லாம் கறுத்துவிட்டது.

மேற்கே போனால் கிடைக்கும் வயல் மண்ணோ செம்மண்ணோ நல்லது. உரம் போட்டிராத இடமாகப் பாருங்கள். சலித்து, கல்லும் வேரும் நீக்கி, ஒரு அங்குல உயரம் பரப்புங்கள். மேலே கழுவிய ஆற்று மணல் ஒன்றரை அங்குலம் மூடுங்கள். கடையில் ‘அக்வா சாயில்’ என்று விற்கும் தொட்டி மண் இதைவிடச் சுத்தமானதுதான், வேலை மிச்சம், ஆனால் காசு அதிகம். எங்களில் பாதிப் பேர் மண்தான்.

கல் எங்கே எடுப்பது?

எந்தக் கல் எடுத்தாலும் மேலே எலுமிச்சைச் சாறோ வினிகரோ சொட்டுவிட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணீரின் கடினத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். மதுக்கரை, வாளையார் பக்கத்துக் கல்லில் இது நிறைய. அங்கே சிமெண்ட் ஆலைகள் வந்ததே அதற்காகத்தான். கருங்கல்லும் வெள்ளைக் கூழாங்கல்லும் பயமில்லை.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்டாயமா?

இல்லை. செடி வேகமாக வளர தண்ணீருக்குள் விடுகிற வாயு அது. மேலே சொன்ன ஊர்ச் செடிகளில் பெரும்பாலானவை அது இல்லாமலே வளரும், மெதுவாக. சிவப்பு நிறம் ஏற வேண்டும், புல்தரை மாதிரி அடர வேண்டும் என்றால் அப்புறம் யோசிக்கலாம்.

செலவில்லாத ஒரு வழி உண்டு, நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கள் ஏன் பொங்குகிறது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. சித்தூர்த் தோப்புகளில் தினம் பானைக்குள் நடக்கிற அதே வேலையை ஒரு இரண்டு லிட்டர் பாட்டிலில் செய்யலாம். இருநூறு கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட், முக்கால் பாட்டில் தண்ணீர். மூடியில் துளையிட்டு டியூப் சொருகி, நடுவில் இன்னொரு சின்ன பாட்டில் வையுங்கள், நுரை தொட்டிக்குள் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் ஓடும், வெயில் காலத்தில் அதற்கு முன்பே தீரும். ராத்திரியில் நிறுத்த முடியாது என்பதுதான் குறை. காலையில் மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

விளக்கு எவ்வளவு நேரம்?

புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரம், செடி பிடித்த பிறகு எட்டு. டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள். சன்னல் வெயில் நேரடியாகப் படும் இடம் வேண்டாம்.

நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரைந்து போச்சு. என்ன தப்பு செய்தேன்?

அநேகமாக ஒன்றும் இல்லை. காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் உதவாது. செடி பழைய இலையைக் கைவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலையைப் புதிதாக விடும். கடைச் செடியும் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்த்ததுதான். கிரிப்டோகோரைன் இன்னும் மோசம், இடம் மாற்றினாலே மொத்தமாகக் கரையும். வேரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அழுகிய இலையை மட்டும் எடுத்துவிட்டு மூன்று வாரம் பொறுங்கள்.

தொட்டி முழுக்கப் பச்சை. பாசி போக மருந்து உண்டா?

மருந்தை நான் சொல்ல மாட்டேன். செடி குறைவு, வெளிச்சம் அதிகம், மீனுக்குத் தீனி அதிகம்: இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். விளக்கைக் குறைத்து, வேகமாக வளரும் வேலம்பாசியை நிறையப் போட்டு, வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தொட்டியில் முதல் நாலு முதல் ஆறு வாரம் இப்படித்தான் இருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற அத்தனை நாள் ஆகும். அதுவரை மீன் விட அவசரப்படாதீர்கள்.

பங்குனி சித்திரை வெயிலில் என்ன செய்வது?

பாலக்காட்டில் 40 டிகிரி தொடுகிற நாட்கள் உண்டு. தண்ணீர் 32 தாண்டினால் ஆக்ஸிஜன் குறையும், மென்மையான செடிகள் குழையும். சின்ன ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பில் சாய்வாக அடிக்க விடுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கணவாய்க் காற்று வறண்டு வீசும் நாட்களில் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் ஒன்று. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் கோடை முடிவதற்குள் கடினம் இரண்டு மடங்காகிவிடும். நிரப்புவதற்கு மட்டும் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் பிடித்த ஒரு டிரம்மை நான் இதற்கென்றே மூடி வைத்திருப்பேன்.

என்ன மீன் விடலாம்?

மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள், வானத்தைப் பார்க்கும் கண் உள்ளது என்று. அழகான பெயர். தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்மட்டத்திலேயே நிற்கும், கொசுப் புழுவைத் தின்னும், செடியைத் தொடாது. மூடி கட்டாயம், குதிக்கும். சின்னச் சின்னக் கெண்டைப்பொடிகள் கூட்டமாக விட்டால் நன்றாக இருக்கும். பள்ளத்தி மஞ்சளாக அழகு, ஆனால் முட்டையிடும் காலத்தில் சண்டைக்காரன். கேரள ஆறுகளின் குட்டிப் பேத்தை மீன், இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும், நத்தையைத் தீர்த்துவிடும். ஆனால் மற்ற மீனின் வாலையும் கடிக்கும், தனித் தொட்டிதான் சரி.

மிஸ் கேரளா வேண்டும் என்று மகள் கேட்கிறாள்.

சிவப்பும் கறுப்பும் கோடிட்ட அந்த மீனுக்கு யார்தான் ஆசைப்பட மாட்டார்கள். 1865-ல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே விவரித்த இனம். 1990-களின் கடைசியில் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனதும் ஆற்றில் இருந்து வாரி எடுத்தார்கள். இன்று அழிவின் அபாயத்தில் உள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. வளர்ந்தால் பதினைந்து சென்டிமீட்டர் வரை வரும், கூட்டமாக வேகமாக நீந்தும், நாலடித் தொட்டியும் ஓட்டமும் வேண்டும். பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு, தெளிவான பதில் வந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டடித் தொட்டி என்றால் மகளிடம் மானத்துக்கண்ணியைக் காட்டுங்கள்.

கடையில் ரோட்டாலா இண்டிகா என்று கொடுத்தார்கள். சரியான செடியா?

பெரும்பாலும் ரோட்டாலா ரோட்டுண்டிஃபோலியாதான் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. அதுவும் இந்தியச் செடிதான், வளர்க்க எளிது. உண்மையான இண்டிகா உங்கள் வயலிலேயே களையாக நிற்கலாம். பூவைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ரோட்டுண்டிஃபோலியா நுனியில் கதிராகப் பூக்கும், இண்டிகாவில் பூ இலை தண்டோடு சேரும் இடுக்குகளில் வரும்.

வெட்டிய செடியை வாய்க்காலில் போட்டால் வளர்ந்துகொள்ளும் அல்லவா?

வளர்ந்துகொள்ளும். பயமே அதுதான். தயவுசெய்து போடாதீர்கள்.

ஆப்பிரிக்கன் பாயல் என்று மலையாளிகள் சொல்லும் சால்வினியா, உண்மையில் பிரேசில் நாட்டுச் செடி. கேரளத்து வயலையும் காயலையும் போர்வை போல மூடி, படகு போக முடியாமல் செய்தது. 1980-களில் அதைத் தின்னும் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. வெங்காயத்தாமரையின் கதை உங்களுக்கே தெரியும். 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஆவளப்பாண்டியில் ஓடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததே, பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்களே, அது கபோம்பா. தென் அமெரிக்கச் செடி, மீன் தொட்டிகளுக்காக உலகம் சுற்றுகிற செடி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூவுக்கு அடியில் நம் ஆம்பலும் லிம்னோபிலாவும் வெளிச்சம் இல்லாமல் கிடக்கும். பார்க்கப் போனவர்களில் சிலர் கொத்தாகப் பறித்து வீட்டுக்கும் கொண்டுபோனார்கள் என்று படித்தபோது எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மீனும் அப்படித்தான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா பிடிபட்டது, அமேசான் மீன் அது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீன் இப்போது இரு மாநில நீர்நிலைகளிலும் இருக்கிறது.

வேண்டாத செடியை வெயிலில் காய வைத்து, சருகான பிறகு தென்னைக்கு அடியில் போடுங்கள். தொட்டித் தண்ணீரையும் சாக்கடையில் விடாமல் மரத்துக்கு ஊற்றுங்கள், அதில் உரம் இருக்கிறது. ஊர்ச் செடியாக இருந்தாலும் திரும்ப ஓடையில் விட வேண்டாம், தொட்டியில் கூட வளர்ந்த வெளியூர் நத்தையும் விதையும் அதோடு போய்ச் சேரும்.

எனக்கும் செடி வேண்டும். என்ன கொண்டுவர வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். ஈரத் துணியில் சுற்றிய செடி இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வெறும் பையோடு வாருங்கள். முதல் தடவை வருகிறவருக்கு வேலம்பாசி, நீர்ப்பிரமி, ஆரை மூன்றும் ஒரு பிடி கொடுப்போம். கொட்டிக்கிழங்கு மட்டும் இந்த வருடம் நாலுதான் இருக்கிறது, ஆடி மழைக்குப் பிறகு கேளுங்கள்.